டிரம்ஸ் இல்லாமல் டிரம்ஸ் பயிற்சி: கணினி விசைப்பலகையா, மிடி கீபோர்டா, பேடா, குச்சியா?

டிரம்ஸ் வாசிக்க ஆசை இருக்கும். டிரம்ஸ் வைக்க இடம் இருக்காது. இடம் இருந்தாலும் அந்தச் சத்தத்தை வீட்டில் மற்றவர்கள் தாங்க வேண்டும். அதனால் பலர் கணினியில் ஓர் ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவி, அதிலுள்ள டிரம்ஸ் ஒலிகளை விசைகளால் தட்டிப் பழகத் தொடங்குகிறார்கள். இது நல்ல வழி. எதை வைத்துத் தட்டுவது என்பதில்தான் குழப்பம் வருகிறது.

கையில் ஏற்கெனவே இருக்கும் கணினி விசைப்பலகை ஒன்று. பியானோ விசைகள் கொண்டு, கணினியோடு இணைத்து வாசிக்கும் மிடி கீபோர்டு இரண்டாவது. ரப்பர் சதுரங்கள் கொண்ட பேடு மூன்றாவது. குச்சியால் அடிக்கும் பயிற்சிப் பலகையோ மின்னணு டிரம்ஸோ நான்காவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லயம் பிடிபட வேண்டும், இரண்டு கைகளும் தனித்தனியாக வேலை செய்யப் பழக வேண்டும் என்பவர்களில் பெரும்பாலோருக்கு, அழுத்தத்தை உணரும் 25 விசை மிடி கீபோர்டே சரியான இடம். நாளை மேடையில் குச்சி பிடிக்க வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் வேறு. இரண்டுக்கும் காரணங்களைப் பார்ப்போம்.

கணினி விசைப்பலகை

செலவே இல்லாத தொடக்கம் இது. மேக் கணினிக்கான ஒலிப்பதிவு மென்பொருளான கேரேஜ்பேண்டில் கமாண்ட் விசையோடு கே-யை அழுத்தினால் எழுத்து விசைகள் இசை விசைகளாக மாறிவிடும். ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளிலும் இதே வசதி இருக்கிறது. இரண்டிலும் நடு வரிசை வெள்ளை விசைகளாகவும் அதற்கு மேல் வரிசை கருப்பு விசைகளாகவும் செயல்படும். ஸ்தாயியை இசட் விசையால் கீழே இறக்கிக்கொண்டால் ஏ என்ற எழுத்தில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), எஸ்-இல் ஸ்நேர் (சுள்ளென்று ஒலிக்கும் நடு டிரம்), டி-வை-யு (T, Y, U) இருக்கும் மேல் வரிசையில் ஹை-ஹேட் (ஜோடித் தகடு) என்று கிடைத்துவிடும். இடது கையின் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் கிக், ஸ்நேர் இரண்டையும் பார்த்துக்கொள்ள, வலது கை ஹை-ஹேட்டைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு தாளத்தின் அமைப்பை மனத்தில் ஏற்றுவதற்கு இது போதும். நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர், இடைவிடாமல் எட்டு ஹை-ஹேட் என்ற எளிய தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிக்கை மூன்றிலிருந்து அரை எண்ணிக்கை முன்னால் நகர்த்தினால் கை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் கடப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இதன் போதாமையும் சீக்கிரமே தெரிந்துவிடும். எழுத்து விசைக்கு அழுத்தம் தெரியாது. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே வலுவில் ஒலிக்கும். சி, வி விசைகளால் அந்த வலுவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்றாலும், வாசித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கு அடி அதை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. டிரம்ஸில் உயிர் இருப்பதே அந்த ஏற்ற இறக்கத்தில்தான். எட்டு ஹை-ஹேட்டும் ஒரே வலுவில் விழுந்தால் அது கடிகாரச் சத்தம். ஒன்றுவிட்டு ஒன்று சற்றுத் தணிந்தால் தாளம் நடக்கத் தொடங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண விசைப்பலகைகள் பலவற்றில் குறிப்பிட்ட மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போய்விடும். உள்ளே இருக்கும் மின்சுற்றின் அமைப்பு அப்படி. கிக்கும் கிராஷ் என்ற பெரிய தகடும் ஹை-ஹேட்டும் சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் ஒன்று விழுங்கப்பட்டால், பழகுபவர் தன் விரலைத்தான் சந்தேகிப்பார். ஆகவே பயிற்சிக்கு முன்பு, பயன்படுத்தப்போகும் விசைகளை ஒன்றாக அழுத்தி எல்லாம் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தவிர, பல விசைப்பலகைகளைக் கணினி 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் கேட்டுப் பார்க்கிறது. அடி எப்போது விழுந்தது என்ற கணக்கில் அந்த அளவுக்கு ஒரு தள்ளாட்டம் எப்போதும் இருக்கும். தொடக்கத்தில் பொருட்படுத்த வேண்டாம். நுணுக்கமாக அளக்கத் தொடங்கியபின் இது உறுத்தும்.

மிடி கீபோர்டு

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியான மிடி 1983-இல் வந்தது. அதில் ஒவ்வொரு அடிக்கும் எந்தச் சுரம், எவ்வளவு வலு என்ற இரண்டும் சேர்ந்தே போகின்றன. வலு 1 முதல் 127 வரையிலான எண். இதைத்தான் வெலாசிட்டி என்கிறார்கள். 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது ஏற்பாடு, எந்த எண்ணில் எந்த டிரம் என்பதையும் வகுத்தது: 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட், 49 கிராஷ், 51 ரைடு என்ற இன்னொரு தகடு. இன்று பெரும்பாலான டிரம்ஸ் ஒலித்தொகுப்புகள் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன. ஒரு மென்பொருளில் பழகிய விரல் இன்னொன்றிலும் அதே இடத்தில் நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 36 என்ற அதே சுரத்தைச் சில மென்பொருள்கள் சி1 என்றும் சில சி2 என்றும் காட்டும். பெயர்தான் மாறுகிறது, விசை மாறவில்லை.

விசைகளில் இது எப்படி அமர்கிறது? சி விசையில் கிக். அதற்கு அடுத்த வெள்ளை விசையான டி-யில் ஸ்நேர். எஃப்-இன் பக்கத்துக் கருப்பு விசையில் மூடிய ஹை-ஹேட், அங்கிருந்து இரண்டு கருப்பு விசை தள்ளித் திறந்த ஹை-ஹேட். இடது கைக்குக் கிக்கும் ஸ்நேரும், வலது கைக்கு ஹை-ஹேட்டும் என்று பிரித்துக்கொண்டால் ஒரு தாளத்தின் முக்கால் பங்கு கைக்குள் வந்துவிடும். ஹை-ஹேட்டை ஒரே விரலால் தட்டாதீர்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி ஒரே விசையில் விழ விடுங்கள். நிமிடத்துக்கு 90 எண்ணிக்கை வேகத்தில், எண்ணிக்கைக்கு நான்கு ஹை-ஹேட் என்றால் ஒவ்வோர் அடிக்கும் இடையில் 167 மில்லிவிநாடிதான். ஒற்றை விரல் சில நிமிடங்களில் இறுகிப்போகும். இரண்டு விரல் என்றால் ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றொன்று அடிக்கும். விரலுக்கு விரல் வலு மாறுவதால் அந்த ஏற்ற இறக்கமும் தானாகவே கொஞ்சம் வந்துவிடும்.

இதன் குறை நுட்பமானது. வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். இத்தகைய கீபோர்டுகளில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். விசை கீழே போகும்போது முதலாவது மூடி, பிறகு இரண்டாவது மூடும். இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்தே வலு கணக்கிடப்படுகிறது. இரண்டாவது முனை மூடிய பிறகுதான் ஒலி பிறக்கும். ஆக, மென்மையான அடி வேண்டுமென்றால் விசையை மெதுவாக அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தினால் ஒலி சற்றுத் தாமதமாகப் பிறக்கும். ஸ்நேரில் முக்கியமான அடிகளுக்கு நடுவே முணுமுணுப்பதுபோல் விழும் சன்னமான அடிகளை வாசிக்கும்போது இது தெரியும். வலுவான அடிகள் கோட்டில் விழ, சன்னமானவை ஒரு மயிரிழை பின்தங்கும். விரலைக் கொஞ்சம் முன்னதாகவே அனுப்பி அதை ஈடுகட்டப் பழகலாம். அந்தப் பழக்கம் உண்மையான டிரம்ஸுக்குப் பயன்படாது என்பதையும் மறக்கக்கூடாது.

விசை ஏறக்குறைய முழுவதும் மேலே திரும்பினால்தான் அடுத்த அடி பதிவாகும் என்பது இன்னொரு கட்டுப்பாடு. ஆகவே உருட்டி வாசிக்கும் வேகமான ரோல்களுக்கு இது ஏற்றதன்று. கனமான விசைகள் கொண்ட, பியானோவைப் போன்ற பெரிய கீபோர்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். டிரம்ஸுக்கென்றே வாங்குவதாக இருந்தால் மெல்லிய, வில்போல் துள்ளும் விசைகள் கொண்ட சிறியதே மேல். வாங்கும்போது வெலாசிட்டி உண்டா என்ற ஒரே கேள்வியை மறக்காமல் கேளுங்கள். மற்ற பொத்தான்களும் திருகுகளும் இந்த வேலைக்குத் தேவையில்லை.

பிறகு ஏன் இதைப் பேடுக்கு மேலாகச் சொல்கிறேன்? கீபோர்டு டிரம்ஸோடு நின்றுவிடுவதில்லை. தாளத்தைப் பதிவு செய்த கையோடு அதற்குமேல் தாழ்ந்த சுரங்களில் ஓடும் பேஸ் வரியை வாசிக்கலாம், இரண்டு ஸ்வரக்கூட்டுகளைச் சேர்க்கலாம். தனியாகக் கேட்கும்போது சரியாக இருந்த தாளம், பேஸ் சேர்ந்ததும் எங்கே தள்ளாடுகிறது என்று அப்போதுதான் புலப்படும். டிரம்மர் யாருக்காக வாசிக்கிறார் என்ற உணர்வு வருவதும் அங்கேதான்.

பேடு

நான்குக்கு நான்கு என்று பதினாறு சதுரங்கள் அடுக்கிய அமைப்பு பரவலானது, 1988-இல் வந்த அகாய் எம்பிசி60 என்ற கருவியால். அதை வடிவமைத்தவர் ராஜர் லின். அதற்கு முன்பு 1980-இல் வந்த, உண்மையான டிரம்ஸின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இயங்கிய எல்எம்-1 தாள இயந்திரமும் அவருடையதே.

விரல்களால் டிரம்ஸ் வாசிப்பதையே ஒரு கலையாகக் கற்க விரும்புபவர் நேராகப் பேடுக்குப் போகலாம். விசை இறங்கி ஏற வேண்டிய தூரம் இல்லை. அழுத்தம் நேரடியாக அளக்கப்படுகிறது, சன்னமான அடி பின்தங்குவதில்லை. எந்தச் சதுரத்தில் எந்த ஒலி என்பதைக் கைக்கு வசதியாக மாற்றிக்கொள்ளலாம். கிக்கையும் ஸ்நேரையும் இரண்டு இரண்டு சதுரங்களில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. மலிவான பேடுகளில் மெல்லிய அடி பதிவாகாமல் போவதும், ஓர் அடி இரண்டாக விழுவதும் நடக்கும். எவ்வளவு அழுத்தத்துக்கு அது விழித்துக்கொள்ள வேண்டும் என்பதை மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம். சிறிய கீபோர்டுகள் சிலவற்றில் எட்டுப் பேடுகளும் சேர்ந்தே வருகின்றன. முடிவெடுக்க முடியாதவர்களுக்கு அது நியாயமான நடுவழி.

குச்சியும் பயிற்சிப் பலகையும்

டிரம்ஸின் முன்னால் உட்கார்ந்து வாசிப்பதே நோக்கம் என்றால், மேலே சொன்ன மூன்றும் துணைக்கருவிகள் மட்டுமே. குச்சி தோலில் பட்டுத் துள்ளி மேலே வருவதை அடக்கி ஆள்வதுதான் அந்தக் கலையின் அடிப்படை. விசையில் துள்ளலே கிடையாது. கால்களுக்கும் வேலை கிடையாது. சில மென்பொருள்களில், கீபோர்டில் சுரத்தை நீட்டிக்கக் காலால் மிதிக்கும் சஸ்டெயின் பெடலின் குறிப்பைக் கிக் ஒலியாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு காலுக்கு அது கொஞ்சம் பயிற்சி தரும். ஆனாலும் அந்தப் பெடலின் எடையும் திரும்பும் வேகமும் கிக் பெடலுடையவை அல்ல.

இந்த நோக்கம் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை, ஒரு ரப்பர் பயிற்சிப் பலகையும் ஒரு ஜோடி குச்சியும். மென்பொருளைக் கைவிட வேண்டியதில்லை. மைக்கைப் பலகைக்கு அருகில் வைத்து, காதில் மெட்ரோனோமை (சீராகத் தட்டி எண்ணிக்கை காட்டும் ஒலியை) கேட்டுக்கொண்டே அடிப்பதைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வோர் அடியும் திரையில் கூர்மையான அலையாக எழும். கட்டக் கோடுகளோடு ஒப்பிட்டு எங்கே முந்தினோம், எங்கே பிந்தினோம் என்று படிக்கலாம். இரண்டு கைகளின் அடிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். மின்னணு டிரம்ஸ் வாங்க வசதியும் இடமும் இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் மிடி வழியாகவே கணினியோடு பேசும் என்பதால் கீபோர்டில் பழகிய முறைகள் எல்லாம் அங்கேயும் செல்லும்.

எதை எடுத்தாலும் தாமதத்தைச் சரிசெய்யாமல் தொடங்காதீர்கள்

விசையைத் தட்டிய கணத்துக்கும் ஒலி காதில் விழும் கணத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, கருவித் தேர்வைவிடப் பெரிய விஷயம். அதன் பெரும்பகுதி மென்பொருளின் பஃபர் அமைப்பிலிருந்து, அதாவது ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துவைத்து அனுப்பும் ஏற்பாட்டிலிருந்து, வருகிறது. விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவெடுப்பு) என்ற அளவில், 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.9 மில்லிவிநாடி, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. இவற்றோடு கருவியும் ஒலிச்சாதனமும் சேர்க்கும் சில மில்லிவிநாடிகளும் உண்டு. மொத்தம் 10 மில்லிவிநாடி என்பது, டிரம்ஸிலிருந்து சுமார் 3.4 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். அதோடு வாசிக்க முடியும். அதைத் தாண்டிப் போகப் போக விரலும் காதும் சண்டை போடத் தொடங்கும். ஒலி வெட்டுப்படாத வரையில் பஃபரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். விண்டோஸில் தாமதம் குறைந்த ஏசியோ (ASIO) வகை டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். புளூடூத் ஹெட்போனை ஒதுக்கிவிட்டுக் கம்பி உள்ளதை மாட்டிக்கொள்ளுங்கள். புளூடூத்தில் தாமதம் எளிதில் 100 மில்லிவிநாடியைத் தாண்டும், எந்த அமைப்பும் அதை ஈடுசெய்யாது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தாமதம் பதிவையே பொய்யாக்கிவிடும். ஒலி 20 மில்லிவிநாடி தாமதமாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். காது மெட்ரோனோமோடு ஒத்துப்போக விரும்பும். விரல் தன்னையறியாமல் 20 மில்லிவிநாடி முன்னதாகத் தட்டும். பல மென்பொருள்களோ விசை அழுத்தப்பட்ட நேரத்தையே பதிவு செய்கின்றன. விளைவு, திரையில் எல்லா அடிகளும் கோட்டுக்கு முன்னால் நிற்கும். பார்ப்பவர் தனக்கு அவசரப்படும் குணம் இருக்கிறது என்று முடிவுகட்டி, இல்லாத குறையைத் திருத்தப் புறப்படுவார். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எல்லா அடிகளும் ஏறத்தாழ ஒரே அளவு முந்தியிருந்தால் அது கருவியின் தாமதம். ஃபில் (வழக்கமான தாளத்தை விட்டு இடையில் நிரப்பி வாசிக்கும் பகுதி) வரும் இடத்தில் மட்டும் முந்தி, பிறகு சரியாகிறது என்றால் அது கையின் அவசரம்.

மென்பொருள்

மேக் கணினி இருந்தால் கேரேஜ்பேண்டைத் தாண்டி யோசிக்க வேண்டாம். கட்டணம் இல்லை, நல்ல டிரம்ஸ் ஒலிகள் கூடவே இருக்கின்றன, திறந்தவுடன் வாசிக்கலாம். விண்டோஸ் அல்லது லினக்ஸில் ரீப்பர் என் முதல் தேர்வு. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். ஆனால் உண்மையான டிரம்ஸின் ஒலித்தொகுப்பு அதோடு வருவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பை நாமே இணைக்க வேண்டும், அதற்கு ஒரு மாலை நேரம் போகும். ஏபிள்டன் லைவின் சிறிய பதிப்பு பல மிடி கீபோர்டுகளோடும் பேடுகளோடும் சேர்ந்தே வருகிறது. ஒரு சுற்றை ஓடவிட்டு அதன்மேல் அடுக்கடுக்காக வாசிக்க அதைவிட வசதியானது குறைவு.

எஃப்எல் ஸ்டுடியோவும் இலவசமான எல்எம்எம்எஸ், ஹைட்ரஜன் ஆகியவையும் கட்டங்களில் புள்ளி வைத்துத் தாளத்தை எழுதுவதற்குப் பெயர் பெற்றவை. எழுதுவது வாசிப்பு ஆகாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கற்க வேண்டிய தாளத்தை முதலில் கட்டத்தில் எழுதி, மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, கூடவே தட்டுவது சிறந்த தொடக்கம். எழுதியதை இடது காதுக்கும் நீங்கள் வாசிப்பதை வலது காதுக்கும் அனுப்பிவிட்டால் வேறுபாடு பளிச்சென்று கேட்கும். ஆடாசிட்டி நல்ல மென்பொருள்தான் என்றாலும் மிடி அடிகளைப் பதிவு செய்யாது. மைக்கை வைத்துப் பயிற்சிப் பலகையைப் பதிவு செய்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

எந்த மென்பொருளானாலும் முதலில் அணைக்க வேண்டியது குவான்டைஸ். தாறுமாறாக விழுந்த அடிகளை அருகிலுள்ள கோட்டுக்கு இழுத்து ஒட்டிவிடும் வசதி அது. பாடல் தயாரிப்பவர்களுக்கு வரம், பழகுபவர்களுக்குக் கேடு. பதிவாகும்போதே இழுத்துவிடும்படி சில இடங்களில் அமைந்திருக்கும். அதைத் தேடி அணைத்துவிடுங்கள். சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் இடையில் எங்கோ மிதக்கும் ஸ்விங் நடையை வாசித்துவிட்டுக் குவான்டைஸ் செய்தால் நடையே செத்துவிடும்.

பதிவை எப்படிப் படிப்பது? ரீப்பரில் ஓர் எண்ணிக்கை வழக்கமாக 960 துகள்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 90 எண்ணிக்கை வேகத்தில் ஒரு துகள் 0.7 மில்லிவிநாடிக்குச் சற்றுக் குறைவு. எட்டுச் சுற்று வாசித்து, இரண்டாம் எண்ணிக்கையிலும் நான்காம் எண்ணிக்கையிலும் விழுந்த ஸ்நேர் அடிகளை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டிலிருந்து 30 துகள் விலகியிருந்தால் அது ஏறத்தாழ 20 மில்லிவிநாடி. எல்லாமே சீராகச் சற்றுப் பின்னால் நின்றால் அதில் தவறில்லை. சாவகாசமான நடைக்கு அது அழகு. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று சிதறியிருந்தால்தான் உழைக்க வேண்டும். பார்ப்பதற்கு முன்பு ஒருமுறை கண்ணை மூடிக் கேட்டுவிடுங்கள். காதுக்கு உறுத்தாததைக் கோடு குறை சொன்னால், காதின் பக்கமே நில்லுங்கள்.

சில வாரங்கள் பழகியபின் மெட்ரோனோமைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் நான்கு எண்ணிக்கைக்கும் ஒலிக்கட்டும். பிறகு இரண்டிலும் நான்கிலும் மட்டும். பிறகு சுற்றுக்கு ஒன்று. அடுத்து, மெட்ரோனோம் அடிகளைத் தனித் தடத்தில் எழுதி, நான்கு சுற்று ஒலி, நான்கு சுற்று மௌனம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். மௌனம் முடிந்து ஒலி திரும்பும் இடத்தில் உங்கள் கிக் அதன்மேல் போய் உட்கார்ந்தால், கீபோர்டு தரக்கூடியதைத் தந்துவிட்டது. அதன் பிறகும் கை குச்சியைத் தேடினால் பயிற்சிப் பலகை வாங்குங்கள். விரலிலேயே இன்னும் வேகம் வேண்டும் என்று தோன்றினால் பேடு.